பேரிங் பெட்டியில் 0.25 என்று போட்டிருந்தால் அளக்காமல் பூட்டலாமா?

கேள்வி: இரண்டு லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சினை வீட்டு ஷெட்டிலேயே பிரித்துவிட்டேன். இரண்டாவது கனெக்டிங் ராட் (பிஸ்டனைக் கிராங்கோடு இணைக்கும் தண்டு) பேரிங்கில் செம்பு தெரிகிறது. அந்த ராட் மாட்டும் கிராங்க் பின்னில் நகம் தட்டுப்படும் அளவுக்குக் கீறல். "கிராங்கை 0.25 மி.மீ. அரைச்சு, 0.25 அண்டர்சைஸ் பேரிங் போட்டா முடிஞ்சது, அளக்கவெல்லாம் வேண்டாம்" என்கிறார் உதிரிபாகம் விற்பவர். அரைத்து வாங்கி நானே பூட்டிவிடலாமா? ஆயிரம் கிலோமீட்டருக்குள் சீஸ் ஆகிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

பதில்: நீங்களே பூட்டலாம், தாராளமாக. அளக்காமல் மட்டும் பூட்டாதீர்கள். பெட்டியில் அச்சிட்ட 0.25 என்பது பேரிங் ஷெல் (பின்னைச் சுற்றி உட்காரும் அரைவட்டத் தகடு) எந்த அளவு பின்னுக்கு என்று தயாரித்தது என்பதை மட்டும் சொல்கிறது. உங்கள் கிராங்கை அரைத்தவரின் கை எவ்வளவு துல்லியம், உங்கள் ராடின் பெரிய கண் (பின்னில் மாட்டும் வட்டத் துளை) எவ்வளவு விரிந்திருக்கிறது என்பதெல்லாம் அந்தப் பெட்டிக்குத் தெரியாது. ஆயில் ஓட வேண்டிய இடைவெளியை இந்த மூன்றும் சேர்ந்துதான் முடிவு செய்கின்றன.

அந்த இடைவெளி தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. பழைய பட்டறைக் கணக்கு ஒன்று உண்டு: பின் விட்டத்தில் அங்குலத்துக்கு ஒரு தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு). அதாவது 48 மி.மீ. பின்னுக்கு ஏறக்குறைய 0.048 மி.மீ. உங்கள் எஞ்சினின் கையேட்டில் வேறு எண் இருந்தால் அதுதான் சட்டம். கையேடு கிடைக்காவிட்டால், பூஸ்ட் ஏற்றிய டர்போ எஞ்சினுக்கு 0.045 முதல் 0.060 வரை என்று வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

ஒரு உதாரணக் கணக்கு. பின்னின் அசல் அளவு 48.00, அரைத்த பிறகு 47.75 வர வேண்டும். முதல் பின்னை மைக்ரோமீட்டரில் பிடித்தால் 47.752. ராடில் பேரிங்கைப் போட்டு, கேப்பை (பெரிய கண்ணின் கழற்றும் பாதி) முறுக்கி, போர் கேஜ் (உள்விட்டம் அளக்கும் கருவி) விட்டால் உள்விட்டம் 47.800. இடைவெளி 0.048, அருமை. மூன்றாவது பின்னை அரைக்கும்போது கல் கொஞ்சம் கூடுதலாக இறங்கிவிட்டது: 47.738. அதன் ராடோ முன்பே சூடு கண்டு விரிந்தது: உள்விட்டம் 47.812. இடைவெளி 0.074. இரண்டுக்கும் பேரிங் வந்தது ஒரே பெட்டியிலிருந்துதான். மூன்றாவதில் ஆயில் நிற்காமல் வழிந்தோடும், கேலரியில் (பிளாக்குக்குள் ஆயில் ஓடும் வழி) பிரஷர் இறங்கும். சத்தம் மூன்றாவதில் கேட்கும், அடிபடுவது பக்கத்துப் பேரிங்காகவும் இருக்கலாம்.

அளக்கும் முறை கடினமில்லை, பொறுமைதான் வேண்டும். ஒவ்வொரு பின்னையும் இரண்டு ஓரங்களிலும், ஒவ்வொரு ஓரத்திலும் 90 டிகிரி திருப்பி இரண்டு தடவையும் அளந்து எழுதுங்கள். ஓரத்துக்கு ஓரம் வித்தியாசம் என்றால் டேப்பர், திருப்பினால் வித்தியாசம் என்றால் ஓவல். இரண்டிலும் 0.005-க்கு மேல் போனால் அரைத்தவரிடமே திருப்பிக் கொடுங்கள். போர் கேஜைப் பூஜ்யம் செய்யத் தனி ரிங் தேவையில்லை; அந்தப் பின்னின் அளவில் பூட்டிய மைக்ரோமீட்டருக்கு நடுவே கேஜை வைத்துப் பூஜ்யம் செய்தால், பேரிங்குக்குள் கேஜ் காட்டுவது நேரடியாக இடைவெளிதான். மைக்ரோமீட்டரின் சொந்தப் பிழையும் அதில் அடிபட்டுப் போகும்.

பேரிங்கை உச்சிக்கும் அடிக்கும் நடுவே, செங்குத்தாக மட்டும் அளவிடுங்கள். இரண்டு ஷெல்லும் சேரும் கோட்டருகே ஷெல்லை வேண்டுமென்றே மெல்லிசாகச் செய்திருப்பார்கள். அங்கே அளந்துவிட்டு "ஓவலாயிருக்கு" என்று ராடைக் குறை சொல்பவர்கள் நிறைய. வெப்பத்தையும் மறக்க வேண்டாம். 48 மி.மீ. இரும்பு 10 டிகிரி சூடானாலே சுமார் 5 மைக்ரான் பெருக்கும். கிராங்க், ராட், கருவி எல்லாம் ஒரே அறையில் ஒரு இரவு கிடக்கட்டும்.

போர் கேஜ் வாங்க வசதியில்லை என்றால் பிளாஸ்டிகேஜ் (நசுங்கும் அகலத்தை வைத்து இடைவெளி காட்டும் மெல்லிய பிளாஸ்டிக்) இழை போதும், அதன் எல்லை தெரிந்தால். பின்னும் ஷெல்லும் ஆயில் இல்லாமல் காய்ந்திருக்க வேண்டும். இழையைப் பின்னின் நீளவாக்கில் வைத்து, கேப்பை முழு டார்க்கில் முறுக்கி, கிராங்கை ஒரு துளிகூடச் சுழற்றாமல் கழற்றி, நசுங்கிய அகலத்தை உறையிலுள்ள அளவுகோலோடு ஒப்பிடுங்கள். பச்சை இழை 0.025 முதல் 0.076 வரை காட்டும், உங்களுக்கு அதுதான். டேப்பர் இருந்தால் அகலம் ஓரத்துக்கு ஓரம் மாறும். ஓவல் தெரியாது.

இனி, கிராங்கை அரைக்கக் கொடுப்பதற்கு முன்பு ஒன்று. உதிரிபாகம் விற்பவர் இதைச் சொல்ல மாட்டார், அரைப்பவர்களிலும் பாதிப்பேர் கேட்க மாட்டார்கள். வேகமான எஞ்சின்களின் கிராங்குகள் பலவற்றுக்கு நைட்ரைடிங் செய்திருப்பார்கள். 500 டிகிரிக்கு மேல் சூட்டில் நைட்ரஜனை உறிஞ்ச வைத்து மேல்தோலை மட்டும் கடினமாக்கும் வேலை அது. முறையைப் பொறுத்து அந்தத் தோல் மிக மெல்லியதாக இருக்கும். அதன் மேல் கல்லை விட்டு 0.25 விட்டம் குறைத்தால், ஆரத்தில் 0.125 போய்விடும், கடினத் தோலின் பெரும்பகுதி அதோடு போய்விடும். பின் பார்க்கப் பளபளவென்றிருக்கும், அளவும் சரியாக இருக்கும், இடைவெளியும் சரியாக இருக்கும். ஆனால் மிருதுவான பின். சீக்கிரம் தேயும். அதைவிட மோசம், பின்னும் பக்கச்சுவரும் சேரும் வளைவில் களைப்புக்கு எதிரான பலம் குறைந்துவிடும். உயர் ஆர்பிஎம்மில் கிராங்க் உடைவது பெரும்பாலும் அந்த வளைவில்தான். இன்டக்ஷன் முறையில் கடினப்படுத்திய கிராங்க் வேறு ரகம். அங்கே கடினம் சில மில்லிமீட்டர் ஆழம் வரை போகும், 0.25 அரைத்தால் ஒன்றும் ஆகாது. உங்களுடையது எந்த ரகம்? தயாரிப்பாளரின் உதிரிபாகப் பட்டியலைத் திறந்து, உங்கள் எஞ்சினுக்கு அண்டர்சைஸ் பேரிங் என்று எண் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அந்தக் கிராங்கை அரைப்பதில் அவர்களுக்குச் சம்மதம் இல்லை என்று அர்த்தம், வெளிச்சந்தையில் 0.25 பேரிங் கிடைத்தாலும் சரி. நல்ல பட்டறையில் காப்பர் அமோனியம் குளோரைடு கரைசலை ஒரு சொட்டு விட்டே சொல்லிவிடுவார்கள். உடனே செம்பு நிறம் படிந்தால் நைட்ரைடிங் இல்லை. அரைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் மறுபடி நைட்ரைடிங் செய்ய வேண்டும், அந்தச் சூட்டில் கிராங்க் வளையக்கூடும், நேராக்க வேண்டும், நேராக்கியபின் விரிசல் சோதனை செய்ய வேண்டும், பிறகு பாலிஷ். செலவையெல்லாம் கூட்டிப் பார்த்தால் பல நேரம் வேறொரு நல்ல கிராங்க் வாங்குவதே மிச்சம்.

"இந்தக் கிராங்க் நைட்ரைடிங் செய்தது, அரைக்க வேண்டாம்" என்று கையேட்டில் ஒரு வரி அச்சிட்டால் என்ன குறைந்துவிடும்? பல தயாரிப்பாளர்கள் இடைவெளி அளவைக்கூடப் பணம் கட்டும் இணைய வாசலுக்குப் பின்னால் வைத்துவிட்டார்கள். இன்னும் சிலர் கிராங்கைத் தனியாக விற்பதே இல்லை, பிளாக்கோடு சேர்த்துத்தான். பழுது பார்க்கும் உரிமை பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். ஒரு பேரிங் இடைவெளிக்கு மாதச் சந்தா கட்ட வேண்டியிருக்கிறது.

நைட்ரைடிங் சிக்கல் இல்லை என்று உறுதியானபின் பட்டறைக்குப் போங்கள். கிராங்கை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். ராடுகள், அவற்றின் கேப்புகள், புது பேரிங், பூட்டப்போகும் போல்ட் எல்லாம் கூடவே போக வேண்டும். கையில் இருக்கும் பேரிங்கை அளந்து, அதற்கேற்பப் பின்னை அரைப்பதுதான் சரியான வேலை. "0.25 அடிச்சுக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வந்தால் 0.25 அடித்துத்தான் தருவார்கள். பணம் கொடுக்கும் முன் ஒவ்வொரு பின்னுக்கும் எண் எழுதிய தாள் கேளுங்கள். தாள் தர மறுத்தால் அங்கே அளக்கவே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம். பின் ஓர வளைவு பழையபடி இருக்கிறதா என்று விரல் நகத்தால் தடவிப் பாருங்கள்; கூர் மூலையாக விட்டிருந்தால் விரிசலுக்கு விதை போட்டாயிற்று, வளைவு பெரிதாகிவிட்டால் பேரிங்கின் ஓரம் அதில் ஏறி உட்காரும்.

இடைத்தரகர் பற்றியும் சொல்லியாக வேண்டும். "ஃபுல் கிட்" என்று பிஸ்டன், ரிங், பேரிங், கேஸ்கெட் எல்லாம் ஒரே அட்டைப்பெட்டியில் தருபவர்களிடம், உள்ளே இருக்கும் ஒவ்வொன்றும் யார் தயாரிப்பு என்று கேளுங்கள். வெளியே பேர் பெற்ற கம்பெனிப் பெட்டி, உள்ளே வேறு ஷெல் என்பது இந்த வியாபாரத்தில் சகஜம். ஷெல்லின் முதுகில் அளவும் தயாரிப்பாளர் குறியும் அச்சிட்டிருக்கும். பெட்டியில் உள்ள எண்ணோடு அது ஒத்துப்போக வேண்டும். ஷெல்லின் முதுகு மங்கலாக, கீறலாக இருந்தால் பழசைத் துடைத்து விற்கிறார்கள். இன்னொரு பொறி பலமான போல்ட். ராடின் அசல் போல்ட்டை எடுத்துவிட்டு அதிக பலமுள்ள போல்ட் போட்டால் அது கேப்பை வேறு விசையில் பிடிக்கும், பெரிய கண்ணின் வட்டம் மாறும். அந்தப் போல்ட்டோடேயே கண்ணை மறுபடி ஹோன் செய்ய (கல்லால் உள்ளே துல்லியமாகத் தேய்க்க) வேண்டும். கிராங்கைப் பிளாக்கில் பிடிக்கும் மெயின் கேப்புக்கு ஸ்டட் மாற்றினாலும் இதே கதை. "போல்ட்டை மட்டும் மாத்திக்கோங்க, அப்கிரேட்" என்று விற்பவர் இதைச் சொல்வதில்லை. தொழிற்சாலை போல்ட் நீட்டி முறுக்கும் ரகமாக இருந்தால், அளப்பதற்குப் பழைய போல்ட்டைப் பயன்படுத்துங்கள். புதுசை கடைசியாக ஒரே ஒரு முறை.

இடைவெளி அதிகமாக வந்தால் கேப்பை ராவாதீர்கள், ஷெல்லுக்குப் பின்னால் தகடு வைக்காதீர்கள். ஷெல் ராடைவிடத் துளி நீளமாக இருப்பது, முறுக்கும்போது நெருக்கிப் பிடித்து உட்கார்வதற்காகத்தான். அந்தப் பிடி போனால் ஷெல் சுழன்று ஆயில் துளையை அடைத்துவிடும்.

இதெல்லாம் சரியாகச் செய்தாலும், பழைய பேரிங் ஏன் போனது என்று தெரியாமல் புதுசு போட்டால் அதுவும் போகும். ஷெல்களை வரிசையாக அடுக்கிப் பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி கோடுகள் என்றால் அழுக்கு. ராடுகளின் மேல் ஷெல் மட்டும் அடிவாங்கியிருந்தால் நாக்கிங் (எரிபொருள் தாறுமாறாக வெடிப்பது), அதாவது டியூனிங் கோளாறு. எஞ்சினை எத்தனை முறை கட்டினாலும் அது தீராது. உங்களுக்கு ஒன்றே ஒன்று போயிருப்பதால் அந்தப் பின்னுக்குப் போகும் ஆயில் துளையையும், ராட் வளைந்திருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள். ராட் கேப்புகளை இடம் மாற்றிவிடாதீர்கள். உடைத்துப் பிரித்த ரக ராடில் ஒன்றின் கேப் இன்னொன்றில் உட்காரவே உட்காராது.

அரைத்து வந்த கிராங்கின் துளைகளுக்குள் கல் தூள் இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. பெட்ரோல் விட்டு அலசினால் போகாது. நீளமான நைலான் பிரஷ், சோப்பு, சுடுதண்ணீர், பிறகு காற்று, காய்ந்தவுடன் ஆயில். பிளாக்கின் கேலரி பிளக்குகளைக் கழற்றி அங்கும் அதே வேலை. வெள்ளைத் துணி சாம்பல் நிறமாகாமல் வரும்வரை. ஆயில் நன்றாகக் குளிர்ந்து கெட்டியாக இருக்கும்போதும் ஃபில்டர் அடைத்திருக்கும்போதும் பைபாஸ் வால்வு திறந்து வடிகட்டாத ஆயில்தான் ஓடுகிறது. எனவே பழைய செம்புத்தூள் ஃபில்டரைத் தாண்டி ஆயில் கூலருக்கும் டர்போவுக்கும் போயிருக்கும். கூலரைக் கழுவ முடியாது, மாற்றுங்கள். டர்போ தண்டின் ஆட்டத்தைச் சோதியுங்கள். பிஸ்டனுக்கு ஆயில் பீய்ச்சும் ஜெட்களையும், வால்வ் டைமிங் சோலனாய்டின் சல்லடையையும் விட்டுவிடாதீர்கள்.

பூட்டும்போது ஷெல்லின் முதுகும் ராடும் காய்ந்திருக்க, முகத்தில் மட்டும் அசெம்ப்ளி லூப் (பூட்டும்போது தடவும் மசகு). முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, எரிபொருளை நிறுத்தி, ஸ்டார்ட்டரில் பத்துப் பத்து வினாடியாகச் சுற்றி, கேஜில் பிரஷர் வந்தபின்தான் பிளக். டர்போ ஆயில் லைனைத் தனியாக நிரப்புங்கள்.

ஓடிய முதல் 20 நிமிடத்துக்குப் பிறகு ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றி, பழைய ஃபில்டரை அதற்கான கட்டரால் வெட்டுங்கள். ரம்பத்தால் அறுத்தால் வரும் தூள் உங்களையே குழப்பும். மடிப்புகளை விரித்துக் காந்தம் காட்டுங்கள். காந்தத்தில் ஒட்டும் சாம்பல் பசை ரிங்கும் சிலிண்டரும் படிகிற தூள், அது வரும். காந்தத்தில் ஒட்டாத வெள்ளி மினுக்கோ செம்பு மினுக்கோ இருந்தால் வண்டியை ஓட்டாதீர்கள். சம்ப்பைக் கழற்றி இரண்டாவது ராட் கேப்பிலிருந்து ஆரம்பியுங்கள்.