தொடாமலே அவுட் கொடுத்தது சரியா?

பேஸ்பால் போன்ற ஃபாஸ்ட்பிட்ச் சாஃப்ட்பால் ஆட்டம். பிட்சர் (பந்தை எறிபவர்) கையில் பந்தோடு தன் வட்டத்துக்குள் நிற்கிறார். இரண்டாம் பேஸை (ஓடுபவர் தொட்டு நிற்க வேண்டிய இடத்தை) விட்டு நாலடி தள்ளி நின்ற உங்கள் வீராங்கனையை யாரும் தொடவில்லை, ஆனாலும் அவுட். கோபம் நியாயம்தான். ஆனால் இந்த ஆட்டத்தின் விதிப்படி நடுவர் சொன்னதே சரி.

பிட்சர் பந்தெறியும் இடத்தைச் சுற்றி 8 அடி ஆரத்தில் வட்டம். பந்து அங்கே அவர் கையில் வந்ததும், பேஸை விட்டு நிற்பவர் ஒரு முறை நிற்கலாம். அப்புறம் உடனே முன்னேறவோ திரும்பவோ வேண்டும். உங்கள் வீராங்கனை முன்னே ஓரடி, பின்னே ஓரடி என்று தயங்கினார், அங்கேதான் அவுட்.

பிட்சர் எறிவதுபோல் கையை ஓங்கியிருந்தால் கதையே வேறு. அது ஓடுபவரை அவுட்டாக்கும் முயற்சி; ஓடுபவர் தாராளமாகத் திசை மாற்றலாம். ஓங்கினாரா என்று மட்டும் நடுவரிடம் கேளுங்கள்.