இரண ஜன்னி நஞ்சும் நரம்பின் சர்க்கரையும்: கேள்வி பதில்

இரண ஜன்னி, அதாவது டெட்டனஸ் பற்றி நம் வட்டார நண்பர்கள் கேட்டிருந்தவற்றுக்கு, உயிர்வேதியியல் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

போச்சம்பள்ளி விவசாயி: மாந்தோப்பில் காலில் ஆணி ஏறிவிட்டது. ஜன்னிக்குக் காரணம் துருதானே?

துரு அன்று. தொழுவுரம் கலந்த மண்ணில் குளோஸ்ட்ரிடியம் டெட்டனி என்னும் பாக்டீரியாவின் வித்துகள் ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடக்கும். ஆணி அவற்றைக் காற்றுப் புகாத ஆழத்தில் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அங்கே அவை முளைத்து, ஜன்னியை உண்டாக்கும் நஞ்சைச் சுரக்கின்றன. வேலிமுள்ளுக்கும் இதே கதைதான்.

அரூர் ஆசிரியை: உடம்பில் எத்தனையோ செல்கள் இருக்க, நஞ்சு நரம்பை எப்படி அடையாளம் காண்கிறது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. நரம்புச் செல்லின் சவ்வில் காங்கிலியோசைடு என்னும் மூலக்கூறுகள் நெருக்கமாகப் பதிந்துள்ளன. அவற்றின் கொழுப்புப் பகுதி சவ்வுக்குள் வேரூன்றியிருக்க, சர்க்கரைச் சங்கிலி ராகிக் கதிரைப் போல வெளியே தலைநீட்டி நிற்கும். அச்சங்கிலியில் சியாலிக் அமிலங்கள் என்னும் அமிலத்தன்மை கொண்ட சர்க்கரைகள் கிளைத்திருக்கும். நஞ்சுப் புரதம் கனச்சங்கிலி, இலேசான சங்கிலி என இரு துண்டுகளால் ஆனது. கனச்சங்கிலியின் நுனியில் இரண்டு குழிகள் உள்ளன. மூன்று சியாலிக் அமிலங்கள் கொண்ட ஜிடி1பி போன்ற காங்கிலியோசைடுகளின் சர்க்கரைகள் இக்குழிகளில் பொருந்துகின்றன. ஒரு குழியின் பிடி தளர்வானது. இரண்டும் சேர்ந்து பற்றும்போதுதான், ஒரு கையால் கிளையையும் மறு கையால் அடிமரத்தையும் பிடித்து மாங்காய் பறிப்பவரைப் போல, நஞ்சு நழுவாமல் நிற்கிறது. நிடோஜன் என்னும் புரதமும் இதற்குத் துணைபோகிறது. மூளைத் திசுவோடு கலந்த நஞ்சு வீரியம் இழப்பதை வாசர்மான், டகாகி என்னும் ஆய்வாளர்கள் 1898இலேயே கண்டிருந்தனர். அப்படிப் பற்றிக்கொள்வது காங்கிலியோசைடே என்பது அறுபது ஆண்டுகள் கழித்தே தெளிவாயிற்று.

பாலக்கோட்டிலிருந்து ஒருவர்: எனக்குச் சர்க்கரை நோய் உண்டு. அப்படியானால் என் நரம்பில் நஞ்சு கூடுதலாக ஒட்டுமா?

ஒட்டாது. ரத்தத்தில் ஓடும் குளுக்கோஸ் வேறு, சவ்வில் கோத்து நிற்கும் இச்சங்கிலி வேறு. ஆனால் மரத்துப்போன பாதத்தில் புண் பட்டாலும் உங்களுக்குத் தெரியாது என்பதால், தினமும் இரவில் பாதத்தைப் பார்த்துவிட்டுப் படுங்கள்.

ஓசூர் செவிலியர் மாணவி: இம்யூனோகுளோபுலின் ஊசியைத் தாமதமின்றிப் போடச் சொல்வது ஏன்?

அந்த மருந்து நஞ்சைப் பிடித்துச் செயலிழக்கச் செய்யும் ஆயத்த எதிர்ப்புரதம். அது வெளியே திரியும் நஞ்சை மட்டுமே பிடிக்கும். சர்க்கரையைப் பற்றிய நஞ்சை நரம்பே உள்ளிழுத்து, தன் இழை வழியாகத் தண்டுவடம் வரை சுமந்து செல்கிறது. அங்கே நஞ்சின் இலேசான சங்கிலி, நரம்பின் தூதுப் பொருள்களை வெளியேற்ற உதவும் சினாப்டோபிரெவின் என்னும் புரதத்தை வெட்டுவதால், தசையை அடக்கிவைக்கும் தூதுப் பொருள்களான கிளைசினும் காபாவும் வெளிப்படாமல் நின்றுவிடுகின்றன. கடிவாளம் அறுந்த தசை இறுகுகிறது. பெரும்பாலும் முதலில் இறுகுவது தாடை. இந்நிலையில் மருந்து நரம்புக்குள் நுழைந்து நஞ்சைத் தேட முடியாது.

கிரானைட் பட்டறைத் தொழிலாளி: ஒருமுறை ஜன்னி வந்து பிழைத்தவருக்கு மறுபடி வராதல்லவா?

வரலாம். ஆளைக் கொல்லப் போதுமான நஞ்சு மிகச் சொற்பம். அந்த அளவு எதிர்ப்பாற்றலைத் தூண்டப் போதாது. ஆகவே நோயிலிருந்து தேறிவருபவருக்கும் தடுப்பூசி போட்டாக வேண்டும்.