ஸ்டார்ரோ மனிதர்களை எப்படி ஆட்டிவைக்கிறது?

ஸ்டார்ரோ, டிசி காமிக்ஸில் வரும் ராட்சத நட்சத்திர மீன், வேற்றுக்கிரக வில்லன். தன் குட்டி நட்சத்திர மீன்களை ஆட்களின் முகத்தில் ஒட்டவைத்து மனத்தைக் கைப்பற்றும். மூக்கணாங்கயிறு மாதிரிதான்: பலம் மாட்டுடையது, திசை கயிற்றைப் பிடித்தவருடையது.

கதாசிரியர்களுக்கு இது ரொம்ப வசதி. எதிரே சண்டைக்கு நிற்பது சொந்த நண்பன் என்றால் நாயகன் எப்படி ஓங்கி அடிப்பான்?

1960இல் ஜஸ்டிஸ் லீக் என்ற சூப்பர்ஹீரோ குழு அறிமுகமான கதையிலேயே வில்லன் இதுதான். அதை வீழ்த்தியது எது தெரியுமா? புல்வெளிக்குப் போடும் சுண்ணாம்பு! முகத்தில் ஒட்டும் வித்தை பின்னால் சேர்ந்தது.

அப்புறம், சிக்கியவர்கள் நடைப்பிணங்கள் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, மீனை அகற்றினால் பெரும்பாலும் பழைய ஆளாகிவிடுவார்கள்.