மயோனைஸ் வழிகிறதா? முதலில் கதிரைத் துடையுங்கள்

கேள்வி: மெக்சிகோ தெருக்கடை பாணியில் மக்காச்சோளம் செய்து பார்த்தேன். வேகவைத்த கதிரில் மயோனைஸ் தடவியதுமே அது எண்ணெயாகப் பிரிந்து தட்டில் வழிந்துவிடுகிறது. அதன்மேல் சீஸ் தூள் ஒட்டுவதே இல்லை. கொட்டிஹா சீஸும் 'மெக்சிகன் சீசனிங்' பாக்கெட்டும் இருந்தால்தான் சரியாக வரும் என்று வெளிநாட்டுப் பொருள் விற்கும் கடையில் சொல்கிறார்கள். விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. வாங்கத்தான் வேண்டுமா? பல்லில் கம்பி போட்டிருக்கும் மகனுக்கும் கொடுக்க ஒரு வழி சொல்லுங்கள். (திருச்சி வாசகி)

பதில்: வாங்க வேண்டாம் அம்மா. உங்கள் பிரச்சினை கடையில் இல்லை, கதிரில் இருக்கும் ஈரத்திலும் சூட்டிலும்தான் இருக்கிறது.

மயோனைஸ் என்பது எண்ணெயையும் நீரையும் வலுக்கட்டாயமாகச் சேர்த்து வைத்த ஒரு கலவை. கொதிக்கிற கதிரில் பட்டால் அந்தச் சேர்க்கை விட்டுப்போகும். முத்துகளுக்கு நடுவே தேங்கிய நீரும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஆகவே வெந்த கதிரை எடுத்ததும் நிமிர்த்தி வைத்து நீரை வடியவிடுங்கள். பிறகு சுத்தமான துணியால் நன்றாகத் துடையுங்கள். அடுப்பின் நேரடித் தீயில் இடுக்கியால் திருப்பித் திருப்பி, அங்கங்கே கரும்புள்ளி விழும் வரை வாட்டுங்கள். முத்து ஒன்றிரண்டு 'பட்' என்று வெடித்தால் ஈரம் போய்விட்டது என்று வைத்துக்கொள்ளலாம். முகத்தைக் கிட்டே கொண்டுபோக வேண்டாம். இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டு, கையில் பிடிக்கிற சூடு வந்ததும் தடவுங்கள்.

தடவுவதற்கு வெறும் மயோனைஸ் போதாது. மெக்சிகோவில் அதோடு 'கிரேமா' என்ற லேசான புளிப்புள்ள பாலாடையையும் சேர்ப்பார்கள். நாம் கெட்டித் தயிரைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு, அதில் 2 மேசைக்கரண்டி, மயோனைஸ் 3 மேசைக்கரண்டி, எலுமிச்சைச் சாறு சில சொட்டு என்று கலந்தால் நான்கு கதிருக்குச் சரியாக இருக்கும். மெல்லிய பூச்சு போதும். சிலர் கேக்குக்கு கிரீம் பூசுவது போலப் பூசிவிட்டு வழிகிறது என்கிறார்கள்.

மயோனைஸ் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போக மனம் வரவில்லை. பச்சை முட்டையில் செய்த மயோனைஸைத் தயாரிக்கவும் விற்கவும் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. சால்மோனெல்லா போன்ற கிருமிகள் பரவும் என்பதுதான் காரணம். காரணம் நியாயமானது. ஆனால் சவர்மா கடையில் மூடியில்லாத வாளியில் வெள்ளையாக இருப்பது எந்த முட்டை, எப்போது அடித்தது என்று யார் போய்ப் பார்க்கிறார்கள்? ஆணை வருகிறது, செய்தியில் ஓடுகிறது, அப்புறம் வாளி அதே இடத்தில்தான் இருக்கிறது. இதைச் சொன்னதும் "அப்படியானால் முட்டை மயோனைஸே கூடாதா?" என்று கேட்பவர்கள் உண்டு. அப்படி இல்லை. பாஸ்டரைஸ் செய்த, அதாவது கிருமி சாகுமளவு பக்குவமாகச் சூடுபடுத்திய முட்டையில் செய்து, லேபிளோடு மூடிய பாட்டிலில் வருவது வேறு. முட்டையே இல்லாதது வேறு. 2025இல் வந்த தடையும் பச்சை முட்டைக்குத்தான். பாட்டிலில் வருவதையும் திறந்தபின் ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டும், அடுப்பு மேடையில் அல்ல. வீட்டில் மிக்ஸியில் பச்சை முட்டையை அடித்துச் செய்யும் வேலை மட்டும் வேண்டாம், குழந்தை சாப்பிடுகிற வீட்டில் நிச்சயம் வேண்டாம்.

இனி சீஸ். கொட்டிஹா என்பது மெக்சிகோவின் மிச்சோகான் மாநிலத்தில் உள்ள கொட்டிஹா ஊரின் பெயரில் வரும் பசும்பால் சீஸ். உப்பு தூக்கல், கெட்டி, உதிரும், சூட்டில் இழுபடாது. இந்தக் குணங்கள்தான் நமக்கு வேண்டும், பெயர் அல்ல. அதனால் மொசரெல்லாவும் பீட்சா சீஸும் இதற்கு ஆகாது. 100 கிராம் பனீரை உதிர்த்து, அரை டீஸ்பூன் உப்பு பிசிறி, தட்டில் பரப்பி, மூடாமல் ஓர் இரவு ஃப்ரிட்ஜில் வையுங்கள். காலையில் கரகரவென்று உதிரும். ஃபெட்டா என்ற, உப்புநீரில் ஊறி வரும் உதிரிச் சீஸ் கிடைத்தால் நீரை ஒற்றி எடுத்துவிட்டுப் பயன்படுத்தலாம். கடையில் எதை எடுத்தாலும் பொட்டலத்தைத் திருப்புங்கள். சேர்பொருள் பட்டியலில் எது எடையில் அதிகமோ அதுதான் முதலில் வர வேண்டும் என்பது நம் நாட்டு விதி. முன்பக்கம் சீஸ் படம் பெரிதாக இருக்கும், பின்பக்கம் 'தாவர எண்ணெய்' என்று பூதக்கண்ணாடி வைத்தால்தான் தெரிகிற எழுத்தில் இருக்கும். விதி எழுதியவர்கள் கண்ணாடி போடாதவர்கள் போலிருக்கிறது.

சீசனிங் பாக்கெட்டுக்கும் அதே சோதனைதான். முதல் பெயர் உப்போ சர்க்கரையோ என்றால், மிளகாயின் விலைக்கு உப்பு வாங்குகிறீர்கள் என்று அர்த்தம். மெக்சிகோ தள்ளுவண்டியில் பெரும்பாலும் மிளகாய்த்தூள், உப்பு, எலுமிச்சை, அவ்வளவுதான். வண்டிக்காரர் கேட்கும் கேள்வியே "உறைக்கிற மிளகாயா, உறைக்காததா?" என்பதுதான். உறைப்புக்கு நம் வீட்டு மிளகாய்த்தூள், நிறத்துக்குக் காஷ்மீரி மிளகாய்த்தூள். அங்கே பிழிவதும் நம் எலுமிச்சை போன்ற சிறிய, தோல் மெல்லிய பழம்தான். கரியில் சுட்ட கதிரை மயோனைஸ் இல்லாமல் வெறும் மிளகாய், உப்பு, எலுமிச்சையோடு தருவதும் அங்கே உண்டு. மெரினாவில் நீங்கள் சாப்பிட்டதுக்கும் அதுக்கும் பெரிய தூரமில்லை.

கதிர் வாங்கும்போது தோலோடு வாங்குங்கள். உரித்துப் பிளாஸ்டிக் சுற்றி வைத்தது எத்தனை நாள் பழையது என்று விற்பவருக்கே தெரியாது. தோலைக் கொஞ்சம் விலக்கி, ஒரு முத்தில் நகத்தால் கீறுங்கள். பால் போல வந்தால் எடுங்கள், தண்ணீராக வந்தால் இளசு, மாவாக இருந்தால் முற்றல். மெக்சிகோவில் இனிப்புக் குறைந்த, மாவுப்பிடிப்பான வெள்ளைச் சோளம்தான் வழக்கம். ஆகவே ஸ்வீட் கார்ன் கிடைக்கவில்லை என்று வருந்த வேண்டாம், நாட்டு மக்காச்சோளம் இன்னும் பொருத்தம். ஸ்வீட் கார்னுக்கு ஆறேழு நிமிடக் கொதி போதும். நாட்டுக் கதிருக்கு அரைமணி நேரத்துக்கு மேலும் ஆகலாம்.

மகனுக்குக் கதிரைக் கடிக்கக் கொடுக்க வேண்டாம். வெந்த கதிரைச் செங்குத்தாகப் பிடித்து, கத்தியால் மேலிருந்து கீழாக முத்துகளைச் சீவி எடுத்து, வெண்ணெயில் இரண்டு நிமிடம் வதக்கிக் கிண்ணத்தில் போட்டு, மேலே அதே கலவை, சீஸ், மிளகாய், எலுமிச்சை சேர்த்து ஸ்பூனோடு கொடுங்கள். 'எஸ்கித்தெஸ்' என்று அங்கேயும் கோப்பையில் இப்படி விற்கிறார்கள். நாட்டுச் சோளம் என்றால் முத்துகளை இன்னும் சற்று மெத்தென்று வேகவிடுங்கள், கம்பியில் மாட்டினால் எடுப்பது கஷ்டம்.