8ஆம் வகுப்புப் பிள்ளைகள் 40 பேரைச் சென்னையிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் 3 நாள் அழைத்துப் போகிறோம். கோயில், கைத்தொழில், கிராமம் மூன்றையும் உருப்படியாகக் காட்ட எப்படித் திட்டமிடுவது?

பள்ளி சுற்றறிக்கையை அனுப்பிவிட்டு மிச்ச வேலையை உங்கள் தலையில் கட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். ட்ராவல்ஸ்காரர் கொடுத்த பட்டியலில் ஒரு டஜன் இடமாவது இருக்கும். பாதிக்கு மேல் அடித்துவிடுங்கள். முதல் நாள் சுவாமிமலையில் உலோகச் சிலை வார்க்கும் பட்டறையும் தாராசுரம் கோயிலும், இரண்டாம் நாள் முழுக்க ஒரே ஒரு கிராமம், மூன்றாம் நாள் தஞ்சாவூர், அன்று இரவே ரயில். தங்குவது கும்பகோணத்தில். ரயிலில் 60 நாளுக்கு முன்புதான் முன்பதிவு திறக்கும், 40 சீட்டு ஒன்றாகக் கிடைக்க அன்று காலையே உட்கார வேண்டும். இரவு முழுக்க பஸ்ஸில் கூட்டிவந்தால் முதல் நாள் பட்டறையில் பாதிப் பிள்ளைகள் தூங்கி வழியும்.

தேதிதான் முதல் சிக்கல். பள்ளி நாட்காட்டியைப் பார்த்துத் தேதி குறித்துவிட்டு அப்புறம் "வயலில் இறங்கலாமா" என்று கேட்பார்கள். மே மாதம் வந்தால் பெரும்பாலும் தரிசும் வெடிப்பும்தான். நடவு பார்க்க வேண்டுமென்றால் காலாண்டு விடுமுறையை ஒட்டி, செப்டம்பர் கடைசி, அக்டோபர் முதல் வாரம்: சம்பா நடவு ஓடும். அறுப்பு பார்க்க ஜனவரி கடைசியிலிருந்து பிப்ரவரி. நடுவில் இருக்கும் வடகிழக்குப் பருவமழை வாரங்களைத் தொடாதீர்கள். மேட்டூர் அணை ஜூன் 12ல் திறப்பது வழக்கம், அது தள்ளிப்போகும் ஆண்டில் மற்றதும் தள்ளும். அதனால் கிராமத்தில் ஒரு விவசாயியிடம் போனில் "இந்தத் தடவை நாற்று எப்போது விடுவீர்கள்?" என்று கேட்டுவிட்டு டிக்கெட் போடுங்கள். விட்டதிலிருந்து 25லிருந்து 30 நாளில் பறித்து நடுவார்கள். திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் பல ஊர்களில் இப்போது நேரடி விதைப்புதான், அங்கே போய் நடவு தேடக் கூடாது. கும்பகோணம் சுற்றுவட்டாரத்திலும் மேற்கு வங்கத் தொழிலாளர்கள் வந்து நடுகிற வயல்கள் உண்டு. பிள்ளைகள் அதையும் பார்க்கட்டும், அதுவும் இன்றைய கிராமம்தான். அரிவாளும் களத்துமேடும் கேட்டு வருகிறவர்களுக்கு அறுவடை மெஷின்தான் கிடைக்கும், இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

அறுப்புக் காலத்தில் வந்தால் ரோட்டோரம் நெல் குவிந்து கிடப்பதைப் பார்த்து ஏன் என்று கேட்பார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருந்தால்தான் எடுப்பார்கள், காயவைக்கக் களம் கிடையாது, சாக்கு வரவில்லை, லாரி வரவில்லை. ஒரு மழை அடித்தால் நெல் குவியலிலேயே முளைவிடும். வருஷா வருஷம் இதே கூத்து, வருஷா வருஷம் ஈரப்பத வரம்பைத் தளர்த்தக் கேட்டு மனு. கேட்ட கேள்விக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, தெரியும். ஆனால் மாட்டுவண்டியில் ஏற்றிப் படம் எடுத்துவிட்டுக் கிராமத்தைக் காட்டிவிட்டோம் என்பவர்கள் அந்தக் குவியலுக்குப் பக்கத்தில்தான் பஸ்ஸை நிறுத்துகிறார்கள்.

வயல் விஷயம். விவசாயியின் நல்ல வயலில் 40 பேரை இறக்காதீர்கள். 5 சென்ட் துண்டு ஒன்றைத் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள், இருபது இருபது பேராக இறங்கப் போதும். நகரத்துப் பிள்ளைகள் நாற்றை விரல் மூழ்க அழுத்திவிடும். ஆழமாகப் போனால் தூர் கட்டாது, அதாவது பக்கத்தில் புதுத் தண்டுகள் சரியாக வெடிக்காது. ஒரு குத்துக்கு இரண்டு மூன்று நாற்று, இரண்டு மூன்று சென்டிமீட்டர் ஆழம், அவ்வளவே. சொல்லிக்கொடுக்க நடவு தெரிந்த பெண்கள் நான்கு பேரை அழையுங்கள், இரண்டு மணி நேரம்தானே என்று பேரம் பேசாமல் முழுநாள் கூலி கொடுங்கள். பிள்ளைகள் போன பிறகு அந்தத் துண்டைத் திருத்தி நடவும் அவர்கள்தான் வர வேண்டும், அந்தக் கூலியையும் இப்போதே கணக்கில் வையுங்கள். அதற்கு முந்திய ஒரு வாரத்தில் அந்த வயலிலோ பக்கத்து வயலிலோ மருந்து அடிக்கவில்லை என்பதைக் கேட்டு உறுதிசெய்யுங்கள். சேற்றில் நத்தை ஓடு காலைக் கிழிக்கும். காலில் ஏற்கெனவே காயம் உள்ள பிள்ளை வரப்பிலேயே நிற்கட்டும். டெட்டனஸ் ஊசி விவரத்தைப் பெற்றோர் ஒப்புதல் கடிதத்திலேயே எழுதி வாங்குங்கள். காலை 6.30க்கு இறங்கி 9 மணிக்குள் ஏறிவிட வேண்டும். பம்புசெட்டில் கைகால் கழுவலாம், பெண்பிள்ளைகள் உடை மாற்ற ஒரு வீட்டை முதலிலேயே கேட்டு வையுங்கள்.

ஊரைச் சுற்றிக் காட்டும்போது திண்ணை வீட்டுத் தெருவை மட்டும் காட்டித் திரும்பாதீர்கள். குடியானத் தெரு, ஆற்றங்கரை, வயலில் நட்டவர்கள் குடியிருக்கும் காலனி, எல்லாம் சேர்ந்ததுதான் ஊர். வரவேற்புக்குப் பறை அடிக்க ஆள் பிடித்து, அடித்து முடித்ததும் கேட்டுக்கு வெளியே நிற்கவைப்பது இன்னும் நடக்கிறது. கலைஞர்களை அழைத்தால் நாற்காலி போடுங்கள், பேச விடுங்கள், பிள்ளைகளோடு ஒரே பந்தியில் சாப்பாடு போடுங்கள். "சுற்றுலாவில் சாதியை எதற்கு இழுக்கிறாய்" என்று ஒருவர் பின்னூட்டத்தில் வருவார். இழுக்க வேண்டியதே இல்லை, தெரு அமைப்பிலேயே இருக்கிறது. 13 வயதுப் பிள்ளை அதைப் பார்த்துக் கேட்கும், பதில் சொல்லத் தெரிந்த ஆசிரியர் கூட இருக்க வேண்டும்.

சுவாமிமலையில் பெரிய ஷோரூம் வேண்டாம், வேலை நடக்கும் பட்டறை ஒன்று போதும். தேன்மெழுகும் குங்கிலியமும் கொஞ்சம் கடலை எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய மெழுகில் உருவம் செய்வார்கள். உறுப்புகளின் அளவுக்குத் தென்னை ஓலை நறுக்கை மடித்து வைத்துக்கொள்வார்கள். கணக்கு ஆசிரியர் கூட வந்தால் விகிதப் பாடம் அங்கேயே நடந்துவிடும். மெழுகின் மேல் முதலில் காவிரி வண்டல் மண்ணை மெல்லப் பூசி நிழலில் உலர்த்தி, அடுத்தடுத்துக் கனமான பூச்சு. பெரிய அச்சென்றால் இரும்புக் கம்பி கட்டுவார்கள். சூடேற்றினால் மெழுகு வழிந்துவிடும், அந்த வெற்றிடத்தில் உலோகம். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும், ஆகவே ஓர் அச்சுக்கு ஒரு சிலை. உருக்கி ஊற்றுவது தினமும் நடக்காது. உங்களுக்காக ஊற்றச் சொல்லி நெருக்காதீர்கள். அச்சில் ஈரம் மிச்சமிருந்தால் 1000 டிகிரிக்கு மேல் இருக்கும் உலோகம் பட்டதும் ஆவி கிளம்பித் தெறிக்கும். தற்செயலாக அன்று ஊற்றினால் பிள்ளைகள் வாசலுக்கு வெளியே, தண்ணீர் பாட்டில் பைக்குள். பத்துப் பேராக உள்ளே விடுங்கள். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு மெழுகு உருண்டை கொடுத்து ஒரு விரலைச் செய்யச் சொல்லுங்கள். மெழுகுக்கான காசைப் பட்டறைக்காரரிடம் முதலிலேயே கொடுத்துவிடுங்கள்.

கோயில்களில் கல்தரை மதியம் கொதிக்கும். காலை 10க்குள் அல்லது மாலை 4க்குப் பிறகு. தாராசுரம் இரண்டாம் ராஜராஜன் கட்டியது. கூட்டம் குறைவு, சிற்பங்கள் கண் உயரத்தில் இருக்கின்றன, நாயன்மார் கதைச் சிற்பங்களை வரையச் சொன்னால் ஒன்றரை மணி நேரம் சத்தமே இருக்காது. தஞ்சாவூர் பெரிய கோயிலில் வழிகாட்டி "கோபுர நிழல் தரையில் விழாது" என்பார், "உச்சியில் இருப்பது 80 டன் ஒற்றைக் கல்" என்பார். நிழல் விழும், உச்சி பல கற்களைச் சேர்த்தது. இதைவிட வியப்பானது கோயில் கல்வெட்டுகளில் இருக்கிறது: தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயில் பணிக்கு அமர்த்திய ஆடல் பெண்கள், 400 பேரின் பெயர், எந்தச் சிறகில் (தெரு வரிசையில்) எத்தனையாவது வீடு என்பதுவரை. கோயிலைக் கட்டிய முதலாம் ராஜராஜன் கலசத்துக்குச் செம்பு கொடுத்தது தன் ஆட்சியின் 25ஆம் ஆண்டு, 275ஆம் நாள், அதாவது 1010. பிள்ளைகளைக் கல்வெட்டுள்ள ஒரு சுவர்முன் நிறுத்தி எழுத்துக் கூட்டச் சொல்லுங்கள்.

தண்ணீர்: ஆசிரியர்களோடு 44 பேர், ஆளுக்கு 3 லிட்டர், ஒரு நாளைக்கு 20 லிட்டர் கேன் ஏழு. கழிப்பறை பத்துப் பேருக்கு ஒன்றாவது இல்லாத ஊரில் இரவு தங்கவைக்காதீர்கள். சாப்பாட்டில் சாகசம் வேண்டாம். பழைய சோறு ஆசைக்கு ஒரு கை, வயிற்றுக்கு இட்லி. டிரைவர் பேட்டாவும் அவர் தூங்க அறையும் வாடகைப் பேச்சிலேயே முடியட்டும்.

மழை பிடித்தால் வயலை விட்டுவிட்டுத் திருபுவனம் பட்டுத் தறிக்குப் போங்கள், கும்பகோணத்திலிருந்து கிட்டத்தில். போன் செய்துவிட்டுப் போக வேண்டும், குழித்தறியில் ஈரம் ஏறினால் அன்று நெசவு நிற்கும். பாவில், அதாவது தறியில் நீளவாக்கில் கட்டிய நூலில், யாரும் கை வைக்கக் கூடாது. முறுக்கு தின்ற கை பட்டால் நஷ்டம் நெய்பவருக்கு.