97 சதவீதம் திரும்பி வரும் என்றார்களே, என் பணம் எங்கே?

கேள்வி: நான் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வேலை செய்கிறேன். வயது 28. வீடு தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டம். ஐந்து மாதங்களாகக் கைத்தொலைபேசியில் கடல் ஸ்லொட் என்ற சூதாட்டம் விளையாடுகிறேன். மீன், டொல்பின், சிப்பி எல்லாம் சுழலும். மூன்று முத்துச் சிப்பி ஒன்றாக விழுந்தால் இலவசச் சுற்றுகள் கிடைக்கும். விபரப் பக்கத்தில் 97 சதவீதம் திரும்பக் கிடைக்கும் என்று போட்டிருக்கிறது. நான் இதுவரை போட்டது 310,000 ரூபாய், எடுத்தது 96,000. அதில் 120,000 மனைவியின் வளையல்களை அடகு வைத்த பணம், 35,000 நண்பனிடம் வாங்கிய கடன், மீதி என் சம்பளம். 97 சதவீதம் என்றால் மூன்று இலட்சம் திரும்பியிருக்க வேண்டாமா? விளையாட்டு ஏமாற்றுகிறதா, அல்லது வரவேண்டியது இனிமேல்தான் வருமா? அம்மாவுக்கு ஊழியர் சேமலாப நிதிப் பணம் வரப்போகிறது. அதில் ஒரு இலட்சத்தைப் போட்டு விட்டதைப் பிடிக்கலாமா? பணம் வாங்கும் முகவர், என் வங்கிக் கணக்கைப் பாவிக்கக் கொடுத்தால் 2 சதவீதம் தருவதாகவும் சொல்கிறார்.

பதில்: தம்பி, கடைசி வரியை முதலில் எடுக்கிறேன். கணக்கைக் கொடுக்காதீர்கள். அட்டையைக் கொடுக்காதீர்கள், தொலைபேசிக்கு வரும் இரகசிய இலக்கத்தையும் சொல்லாதீர்கள். நீங்கள் பணம் அனுப்பிய கணக்குகள் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு ஆட்களின் பெயரில் இருந்திருக்குமே? அவர்களும் இப்படி 2 சதவீதத்துக்குத் தலையாட்டியவர்களாக இருக்கலாம். யாருடையது என்று தெரியாத பணம் உங்கள் பெயரில் வந்து போனால், 2006ஆம் ஆண்டின் பணம் தூயதாக்கல் தடைச் சட்டத்தின் கீழ் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். முகவரின் வாட்ஸ்அப் இலக்கம் அதற்குள் மாறியிருக்கும்.

இனி அந்த 97. விளையாட்டு ஏமாற்றுகிறதா என்று கேட்கிறீர்கள். ஏமாற்ற வேண்டிய தேவையே அதற்கு இல்லை.

நீங்கள் தோட்டத்தில் வளர்ந்தவர், கொழுந்து நிறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கூடைக்கு, ஈரத்துக்கு என்று நிறுவையில் கொஞ்சம் கழிப்பார்கள். 20 கிலோவில் 3 சதவீதம் கழித்தால் போவது 600 கிராம். பெரிய விஷயமாகத் தெரியாது. ஆனால் அதே கொழுந்தை மறுபடியும் தராசில் போட்டு, மறுபடியும் 3 சதவீதம் கழித்து, இப்படியே ஐம்பது தடவை நிறுத்தால் கூடையில் மிஞ்சுவது நாலரைக் கிலோகூட இல்லை. ஒவ்வொரு நிறுவையிலும் 97 சதவீதம் திரும்பத் தந்திருக்கிறார்கள், பொய்யே இல்லை. ஸ்லொட்டும் இப்படித்தான். அந்த 97 நீங்கள் வைப்பிட்ட தொகைக்கு உரியதன்று, ஒவ்வொரு சுற்றுக்கும் வைக்கும் பந்தயத்துக்கு உரியது. அதுவும் இலட்சக்கணக்கான சுற்றுகளின் சராசரி. திரும்பி வந்ததை நீங்கள் சட்டைப்பைக்குள் போடவில்லை, திரும்பவும் தராசில் போட்டீர்கள்.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்த்தேன். நட்டம் 214,000. ஒரு சுற்றுக்கு 100 ரூபாய் வைத்தீர்கள் என்றால் ஒரு சுற்றில் சராசரியாக 3 ரூபாய் போகும். 214,000 போவதற்கு ஏறக்குறைய 71,000 சுற்றுகள் வேண்டும். ஐந்து மாதத்துக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு 475. நிமிடத்துக்குப் பத்து சுற்று என்று வைத்தால் முக்கால் மணித்தியாலத்துக்குச் சற்று மேல். வேலை முடிந்து படுக்கையில் போர்வைக்குள் விளையாடுகிற நேரம் அவ்வளவுதானே? ஆகவே நேர்மையான 97 சதவீத விளையாட்டிலேயே உங்கள் பணம் சரியாக இப்படிக் கரைந்திருக்கும். (அந்த 97 உண்மைதானா என்பது வேறு கதை. முகவர் அனுப்பிய இணைப்பில் இறக்கிய செயலி எந்த எண்ணை வேண்டுமானாலும் எழுதி வைக்கலாம். சூதாட்ட ஒழுங்குமுறை அதிகார சபைக்கான சட்டம் 2025இல் பாராளுமன்றத்தில் நிறைவேறியது உண்மைதான்; வாட்ஸ்அப்பில் இருக்கும் ஆளிடம் போன பணத்தை அதைக் காட்டி மீட்க முடியாது.)

"இனிமேல்தான் வருமா" என்பதற்குப் பதில்: வராது. எந்தப் படம் எங்கே நிற்கும் என்பதை, பொத்தானை அழுத்தும் கணத்தில், கணினி எழுமாறாக எடுக்கும் ஓர் எண் முடிவு செய்துவிடுகிறது. சுழல்வது வெறும் காட்சி. நீங்கள் எவ்வளவு இழந்தீர்கள் என்பது அதன் கணக்கில் இல்லை. உங்களுக்குக் கடன்பட்ட உணர்வும் அதற்கு இல்லை. இரண்டு சிப்பி விழுந்து மூன்றாவது ஒரு கட்டம் தள்ளி நின்றால் கிட்ட வந்துவிட்டோம் என்று நெஞ்சு அடித்துக்கொள்ளும். கிட்டவும் தூரமும் அங்கே ஒன்றுதான்.

இந்தப் பதிலுக்காக நானும் அப்படி ஒரு கடல் விளையாட்டை, காசில்லாத மாதிரிப் பதிப்பில், அரை மணித்தியாலம் ஆடிப் பார்த்தேன். பக்கத்தில் கொப்பியும் பென்சிலும். 100 காசு வைக்கிறேன்; சிப்பி திறக்கிறது, முத்து மினுங்குகிறது, காசு கொட்டும் சத்தம், திரையில் பெரிய எழுத்தில் "வெற்றி 40". அறுபது காசு போய்விட்டது, ஆனால் திரையில் கொண்டாட்டம். கோடு கிழித்து எண்ணியதில், மினுங்கிய வெற்றிகளில் பாதிக்கு மேல் இந்த இனம்தான். வெற்றி வேடம் போட்ட தோல்வி என்று ஆய்வாளர்கள் இதற்குப் பெயரே வைத்திருக்கிறார்கள். சத்தத்தை நிறுத்திவிட்டு ஆடியபோது பத்து நிமிடத்தில் எனக்குச் சலித்துவிட்டது. டொல்பின் மட்டும் அழகாகத்தான் இருந்தது.

முகவர் போனஸ் தருகிறேன் என்றும் வருவார். 5,000 போனஸுக்கு முப்பது மடங்கு ஆடிய பிறகே எடுக்கலாம் என்பது போன்ற நிபந்தனை இருக்கும். அதாவது 150,000 ரூபாய்க்குப் பந்தயம். அதில் 3 சதவீதம் 4,500. மீதி உங்களுக்கே புரியும்.

அம்மாவின் பணத்துக்கு வருவோம். மாதாமாதம் அவருடைய சம்பளத்தில் 8 சதவீதம் பிடித்து, தோட்ட நிர்வாகம் 12 சதவீதம் சேர்த்து, பல வருடங்களாக ஊறிய தொகை அது. 2024 செப்டெம்பரில் நிர்ணயித்த 1,350 ரூபாய் நாட்சம்பளத்தில் பார்த்தால் நீங்கள் இழந்த 214,000 என்பது 158 நாள் முழுப்பேர், அதாவது 158 நாள் முழுச்சம்பளம். அந்தப் பணம் அம்மாவின் தனிப் பெயரில் நிலையான வைப்பாகப் போகட்டும். மாத வட்டி அவர் கைக்கே வரட்டும். கூட்டுக் கணக்கு வேண்டாம். அட்டையும் உங்களிடம் இருக்க வேண்டாம். வளையலை மீட்கக்கூட அதைத் தொடாதீர்கள்.

வளையலை நீங்களே மீட்கலாம். சம்பளத்திலிருந்து போட்டது 155,000; திரும்ப எடுத்த 96,000ஐக் கழித்தால் ஐந்து மாதத்தில் சம்பளத்திலிருந்து போனது 59,000, மாதம் ஏறக்குறைய 12,000. அதை ஒதுக்கிவிட்டும் வாழ்ந்திருக்கிறீர்கள். அதே 12,000இல் நண்பனுக்கு 3,000, அடகுக்கு 9,000. நண்பன் வட்டி கேட்டதாக நீங்கள் எழுதவில்லை, அவர் கொஞ்சம் பொறுப்பார், அடகு பொறுக்காது. டிக்கெட்டில் உள்ள தவணைத் திகதியைப் பாருங்கள். பகுதி பகுதியாகக் கட்ட முடியுமா என்று அடகுப் பிரிவில் கேளுங்கள், பொதுவாக ஏற்றுக்கொள்வார்கள். திகதி தவறினால் நகை ஏலத்துக்குப் போகும். ஏப்ரலில் நுவரெலியா நிரம்பி வழியும்போது வரும் சேர்விஸ் சார்ஜையும் அப்படியே அங்கே கட்டினால் ஒரு வருடத்தை ஒட்டி வளையல் வீட்டுக்கு வந்துவிடும்.

செயலியை அழியுங்கள், முகவரின் இலக்கத்தைத் தடை செய்யுங்கள். அழித்த பிறகும் இரவில் கை அரித்தால் 1926க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். கூச்சப்பட ஒன்றுமில்லை.

வளையல் போன இடம் மனைவிக்குத் தெரியுமா என்று நீங்கள் எழுதவில்லை. தெரியாது என்றால் அடகு டிக்கெட்டை இன்றைக்கே அவர் கையில் கொடுங்கள். தவணை நாளை மறக்காமல் இருக்க வீட்டில் இன்னொருவர் வேண்டும்.