கன்னச் சிவப்பு ரூஜ் மாதிரி தெரிகிறது என்றால்

பதினேழாம் நூற்றாண்டு ஃபிளெமிஷ் ஓவியர் ரூபன்ஸ் வரைந்த, அவருடைய மகள் கிளாரா செரீனாவின் முகத்தை ஓர் அச்சுப்படத்தில் பார்த்து எண்ணெய் வண்ணத்தில் வரைகிறீர்கள், உங்கள் படத்தில் கன்னம் ரூஜ் (கன்னத்தில் பூசும் சிவப்பு ஒப்பனை) பூசிவிட்ட மாதிரி தெரிகிறது, மூலத்தில் காலர் அரைகுறையாக இருப்பது அச்சுப் பிழையா என்று கேட்டிருந்தீர்கள்.

அச்சில் தவறில்லை. சுமார் 1616இல், குழந்தைக்கு ஐந்து வயதிருக்கும்போது வரைந்தது. முகத்தில் உயிரைக் கொடுத்துவிட்டு, உடையை நாலைந்து வேகமான தீற்றல்களோடு விட்டுவிட்டார். யாரோ பணம் கொடுத்துக் கேட்ட படம் போலவே இல்லை, வீட்டுக்காக வரைந்தது போலத்தான் எனக்குத் தோன்றுகிறது. நீங்களும் காலரை முடிக்கப் போகாதீர்கள், கெட்டுவிடும்.

சரி, கன்னம். சிக்கல் சிவப்பில் இல்லை, அதன் ஓரத்தில். சிவப்பு நிழலுக்குள் திரும்பும் இடத்தில் லேசான சாம்பல் கலந்த தோல்நிறம் வேண்டும். வண்ணம் ஈரமாக இருக்கும்போதே காய்ந்த மெல்லிய தூரிகையால் இரண்டையும் இழையுங்கள். காய்ந்த பிறகு மேலே பூசினால் ரூஜ்தான். நெற்றியிலும் மூக்கு நுனியிலும் வரும் வெள்ளை ஒளியைக் கடைசியில், ஒரே தொடுதலில் வையுங்கள்.

அப்புறம், மூலப்படம் ஏறக்குறைய 37க்கு 27 செ.மீ.தான். பெரிய கித்தான் எடுத்திருந்தால் மாற்றிவிடுங்கள்.